வலப்பக்கத்துச் சீட்

என் வீட்டுக்காரர் சலாவுதீன் குவைத்திலிருந்து கொண்டு வந்த காரில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. அந்த நாட்டில் எல்லா வண்டியும் அப்படித்தானாம். அதனால் நம் ஊர் வண்டிகளில் டிரைவர் உட்காருகிற வலப்பக்கத்தில் நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பென்னாகரம் கடைவீதியில் வண்டி மெதுவாகப் போனபோது டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருத்தர் எழுந்தே நின்றுவிட்டார். "டேய், பாய் வூட்டம்மா கையே வெக்காம ஓட்டுதுடா!" என்று அவர் கத்தியது என் காதில் விழுந்தது. ஒகேனக்கல் போய்ச் சேரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இது 1986-ல். அப்போதெல்லாம் குவைத்திலிருந்து வருகிறவர்கள் டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில், கம்பளி கொண்டு வருவார்கள். இவர் காரைக் கொண்டு வந்தார். அங்கே ஒரு கார் பட்டறையில் இவர் மெக்கானிக். பணக்காரப் பையன் ஒருவன் கம்பத்தில் மோதி மூலையில் தள்ளிவிட்டுப் போன கோல்ஃப் ஜி.டி.ஐ. என்ற ஜெர்மன் காரைத் தன் பேருக்கு வாங்கி, வெள்ளிக்கிழமை லீவுகளில் இரண்டு வருஷம் உட்கார்ந்து சரி செய்து, கப்பலேற்றி, மெட்ராஸ் ஹார்பரிலிருந்து தர்மபுரிக்குத் தானே ஓட்டி வந்தார். இவருடைய அண்ணன் அன்வர் பாஷா வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்னடா இது, பின்னாடி பாதிய வெட்டிட்டுக் குடுத்திருக்கானுங்க?" என்றார். அம்பாசிடர் மாதிரி டிக்கி நீட்டிக்கொண்டிருந்தால்தான் அவருக்குக் கார்.

எனக்கு வேறு சந்தோஷம். காரையே கொண்டு வந்துவிட்டவர் இனித் திரும்பிப் போக மாட்டார் என்று நினைத்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. இவர் லீவில் வந்து போன நாட்களையெல்லாம் சேர்த்தால் நாங்கள் ஒன்றாக இருந்தது ஏழு மாதம். குழந்தை இல்லை. ஏழு மாதம்தானே என்று யாரும் யோசிக்கவில்லை, குறையை என் தலையில் கட்டினார்கள். இவர் நிரந்தரமாக வந்துவிட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பு நிறம். சீட்டுத் துணி லுங்கி மாதிரி கட்டம் போட்டிருக்கும். கியர் தடியின் தலையில் குழி குழியாக ஒரு கறுப்புப் பந்து. முதல் நாள் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சீட் கட்டாந்தரை. சாலையில் இருக்கிற ஒவ்வொரு குழியும் இடுப்புக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போகும். மெதுவாகப் போனால் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், இவர் சந்துக்குள் வண்டியைத் திருப்புவதற்குள் சட்டை நனைந்துவிடும். நம் ஊர் பெட்ரோல் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் லொட லொடவென்று இருமியது. இவர் இரண்டு நாள் பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ தள்ளி வைத்த பிறகுதான் இருமல் நின்றது. இதற்கா இந்த மனுஷன் இரண்டு வருஷம் வெள்ளிக்கிழமைகளைத் தொலைத்தார் என்று மனசுக்குள் திட்டினேன்.

ஊரைத் தாண்டி, மூன்றாவது கியரில் இவர் காலை அழுத்திய பிறகுதான் அது யார் என்று தெரிந்தது. சத்தம் தாழ்வாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும், சட்டென்று சீட் முதுகைப் பிடித்துக்கொள்ளும். பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருக்காது, முன்னால் கயிறு கட்டி யாரோ இழுக்கிற மாதிரி இருக்கும். முன்சக்கரம்தான் இழுக்கிறது என்று இவர் விளக்கினார். அம்பாசிடர் எழுபதில் போனால் கதவு, கண்ணாடி, நம் பல் எல்லாம் ஆடும். இது நூற்றிருபதில்தான் அமைதியாகும். அதே குழிகள்தான், ஆனால் இடுப்பு வரை வந்து சேர அவற்றுக்கு நேரமில்லை. ஒகேனக்கல் இறக்கத்து வளைவுகளில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதைச் சாலையோரம் நின்று பார்த்த மாதையன் என்ற பரிசல்காரர் கீழே வந்து, "ஏனுங்க, உங்க வண்டி நாய் மாட்டம் காலத் தூக்குதுங்க" என்றார். இவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. அன்று மாதையனுக்கு ஒரு தட்டு மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தார்.

இவ்வளவு வேகம் இருந்தும், முன்னால் போகிற ஒரு லாரியைத் தாண்ட இவரால் தனியாக முடியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவருக்கு லாரியின் முதுகுதான் தெரியும். எதிரே என்ன வருகிறது என்பது வலப்பக்கம் இருக்கிறவருக்குத்தான் தெரியும். முதலில் அங்கே பெரியவர் உட்கார்ந்தார். இவர் அண்ணனை நான் பெரியவர் என்றுதான் சொல்வேன். "போலாம்... இரு இரு... இல்ல, போடா... ஐயோ நில்லு!" என்று ஒரே மூச்சில் அத்தனையும் சொல்லி, பாலக்கோடு சாலையில் ஒரு கரும்பு டிராக்டருக்கும் எதிரே வந்த பஸ்ஸுக்கும் நடுவில் கொண்டுபோய்ச் செருகப் பார்த்தார். மறுநாளிலிருந்து அந்த இடம் எனக்கு வந்தது. இரண்டே வார்த்தை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எதிரே ஏதாவது வந்தால் "வருது". ஒன்றும் இல்லையென்றால் "காலி". இடையில் வேறு பேச்சே கிடையாது.

நான் அதில் தேறிவிட்டேன். எதிர் பஸ் வந்து சேர எவ்வளவு நேரமாகும், முன்னால் போகிற லாரி ஏற்றத்தில் எந்த இடத்தில் தளரும் என்றெல்லாம் கண் தானாக அளந்தது. அம்பாசிடருக்குப் போதாத இடைவெளி இந்த வண்டிக்குத் தாராளம் என்பதும் பழகிவிட்டது. "காலி" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் கியர் இறங்கி, வண்டி வெளியே வந்து, லாரி பின்னால் போயிருக்கும். இவர் எட்டிப் பார்க்க மாட்டார். நல்லாப் பாத்தியா என்று கேட்க மாட்டார். என் ஒரு சொல்லை நம்பி இரண்டு உயிரையும் எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். குழம்புக்கு உப்பு போதுமா என்றுகூட அந்த வீட்டில் என்னை யாரும் கேட்டதில்லை. அதனால் அந்தச் சீட்டில் உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

இவர் ஊர் வந்த ஐந்தாம் மாதம் குவைத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய பட்டறையிலேயே ஃபோர்மேன் வேலை, மூன்று வருஷம், இருபத்தெட்டாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் விசா ரத்து. மாமியார் ரஹமத் பீவி இரண்டு கையையும் ஏந்தி துஆ செய்தார். பெரியவர் அன்று மாலையே டிக்கெட்டுக்கு ஆள் பார்க்கக் கிளம்பிவிட்டார். பெரியவர் கெட்டவர் இல்லை. மாமனார் இறந்த பிறகு துணி மூட்டையைச் சுமந்துகொண்டு கம்பைநல்லூர் சந்தைக்கும் பாப்பிரெட்டிப்பட்டி சந்தைக்கும் அலைந்து தம்பியை ஆளாக்கியவர். ஃபோர்மேன் என்ற சொல்லை வாய் நிறையச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இவருக்கோ தர்மபுரியிலேயே ஒரு பட்டறை வைக்க ஆசை. அப்போதுதான் ஊருக்குள் மாருதி கார்கள் ஒன்றிரண்டு வரத் தொடங்கியிருந்தன. முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் மற்ற மெக்கானிக்குகள் கை வைக்கத் தயங்கினார்கள், எல்லோரும் இவரைத் தேடித்தான் வந்தார்கள். இதை அண்ணனிடம் எடுத்துச் சொல்ல இவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை பானெட்டைத் திறந்து வைத்து, பிளக்கைத் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"நீ என்ன சொல்ற, வஹிதா?"

"உங்க இஷ்டங்க" என்றேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சொல்கிற பதில் அது. வெளிநாடு போகிற ஆம்பளையை அழுது தடுத்தால் போகிற இடத்தில் பரக்கத்தும் விருத்தியும் இருக்காது என்று சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்குவோம். வெங்காயம் நறுக்குகிறவளை ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இவர் அதே பிளக்கை இன்னொரு தடவை துடைத்தார். அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன்.

பம்பாய் ரயில் சேலத்தில் நாலு இருபதுக்கு. பெட்டியை எடுத்துக்கொண்டு பெரியவர் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார், திரும்பும்போது காரை அவர் ஓட்டி வருவதாக ஏற்பாடு. நாங்கள் மூன்று மணிக்குக் கிளம்பினோம். இந்த வண்டிக்கு ஒரு மணி நேரம் தாராளம். முந்தின நாள்தான் இவர் அதற்கு ஆயில் மாற்றியிருந்தார். விட்டுவிட்டுப் போகிறவர் எதற்காக ஆயில் மாற்ற வேண்டும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வண்டி என்னவோ என்றைக்கும் இல்லாதபடி வழுக்கிக்கொண்டு ஓடியது. நல்லம்பள்ளி தாண்டும்வரை நான் ஒழுங்காகத்தான் "வருது", "காலி" என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில், கருங்கல் பாளம் ஏற்றிய லாரி ஒன்று முதல் கியரில் முனகிக்கொண்டு இறங்கியது. அதன் பின்னால் மாட்டினோம். எதிரே நிஜமாகவே ஒரு பஸ் ஏறி வந்தது. "வருது" என்றேன். பஸ் எங்களைக் கடந்து போனது. அதற்குப் பிறகு அடுத்த திருப்பம் வரை சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. வாயைத் திறந்தேன். "வருது" என்றுதான் வந்தது.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்றால் அது முதல் தடவைக்கு மட்டும்தான் உண்மை. இரண்டாவது தடவை யோசித்துத்தான் சொன்னேன். இந்த லாரிக்குப் பின்னாலேயே போனால் ரயில் போய்விடும், ரயில் போனால் விமானம் போய்விடும், விமானம் போனால் விசாவும் முடிந்தது. இவர் என்னோடு இருப்பார். மூன்றாவது தடவையும் "வருது" என்றேன்.

வண்டிக்கு அந்த நடை பிடிக்கவில்லை. இரண்டாவது கியரில் முன்னும் பின்னுமாக உலுக்கியது. லாரியின் புகை உள்ளே வந்து தொண்டையைக் கமறியது. இவர் கை கியர் பந்தின் மேலேயே தயாராக இருந்தது. நான் "காலி" என்றால் அந்தக் கை உடனே நகர்ந்திருக்கும். என்னை இவ்வளவு நம்புகிற ஒரே ஆளிடம் பொய் சொல்கிறேனே என்று இருந்தது. இதை விட்டால் எனக்கு வேறு வழி ஏது என்றும் இருந்தது. எட்டோ ஒன்பதோ தடவை சொல்லியிருப்பேன்.

கணவாய் முடிந்து சமதளம் வந்தபோது மணி மூன்று நாற்பத்திரண்டு. லாரி இன்னும் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இவர் சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"ரோடு இடப்பக்கம் திரும்பறப்ப லாரியும் திரும்பிக்குது, வஹிதா. அப்ப லாரிக்கு இந்தப் பக்கமா எனக்கும் முன்னாடி தெரியும்."

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அஞ்சு வளைவுல பாத்தேன். அஞ்சுலயும் எதுக்க ஒண்ணும் வரல."

தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது.

"தெரிஞ்சுகிட்டேவா தாண்டாம வந்தீங்க?"

"நீ வருதுன்னு சொன்னியே" என்றார்.

அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவருக்கும் போக மனசில்லை. ரயில் போய்விட்டால் லாரி வழியை மறித்துவிட்டது என்று அண்ணனிடம் சொல்லிவிடலாம். பொய் சொன்ன பாவம் என் பக்கம், நல்ல தம்பி என்ற பேர் இவர் பக்கம். நாளைக்குப் பட்டறை ஓடாமல் கஷ்டம் வந்தால் யாரை நினைப்பார்? என்னைத்தான் நினைப்பார். அன்றைக்கு இவள் மறித்தாள் என்று ஒரு நாள் வாய்விட்டும் சொல்லிவிடுவார். அப்படி ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டு இந்த மனுஷனோடு வாழ எனக்கு இஷ்டமில்லை.

"நான் பொய் சொன்னேங்க, தப்புதான்" என்றேன். "ஆனா அந்தப் பொய்க்குப் பின்னாடி நீங்க ஒளிஞ்சிக்காதீங்க. நீங்க குவைத்துக்குப் போறது எனக்குப் புடிக்கல. இன்னும் மூணு வருஷம் என்னால முடியாது. அன்னிக்குக் கேட்டீங்களே, அப்பவே சொல்லியிருக்கோணும், வாய் வரல. இப்ப சொல்லிட்டேன். இனி போறதும் இருக்கறதும் நீங்களா முடிவு பண்ணிக்கோங்க. என்னையும் லாரியையும் அதுல இழுக்காதீங்க."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வலப்பக்கம் நன்றாகப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை சாலை வெறிச்சோடிக் கிடந்தது.

"காலி" என்றேன்.

இவர் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். கியர் இறங்கியது, வண்டி உறுமிக்கொண்டு வெளியே பாய்ந்தது. லாரி பின்னால் போய்விட்டது. ஆக, போகத்தான் முடிவு செய்துவிட்டார்.

அடுத்த அரை மணி நேரத்தில்தான் அந்த வண்டியை நான் முழுசாகப் பார்த்தேன். அதுவரை ஓட்டியதெல்லாம் சும்மா. ஓமலூர் வரை நான்காவது கியரிலும் ஐந்தாவதிலுமாக நூற்று நாற்பது வரை போனது. புளிய மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுவராகத் தெரிந்தன. மாட்டு வண்டி குறுக்கே வந்த இடத்தில் பிரேக்கை மிதித்தார், முன்பக்கம் அழுந்தி, சக்கரம் வழுக்காமல், கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. மறுபடியும் இரண்டாவது, மூன்றாவது, முதுகைப் பிடிக்கிற அந்த இழுப்பு. சாலையின் சின்னக் கல்கூட ஸ்டியரிங் வழியாக இவர் கைக்குப் போவது எனக்குத் தெரிந்தது. இவர் கோபமாக ஓட்டவில்லை, அவசரமாகவும் ஓட்டவில்லை. பல நாள் யோசித்த ஒரு காரியத்தைச் செய்கிறவர் மாதிரி ஓட்டினார். நான் அழுதுகொண்டே "வருது" என்றேன், அழுதுகொண்டே "காலி" என்றேன். பொய் சொன்ன அதே வாயால் ஒரு தடவைகூடத் தவறாமல் சொன்னேன். என்னிடமிருந்து இவரை வேகமாகக் கொண்டுபோகிற வேலையை நானே செய்தேன்.

சேலம் ஜங்ஷன் வாசலில் நின்றபோது மணி நாலு பதினைந்து. சாவியைக்கூட எடுக்காமல், என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினார். நான் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்ற ஜட்கா வண்டிக்காரர் ஒருவர், ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து அழுகிற பெண்ணை விநோதமாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே மணி அடித்தது. விசில் கேட்டது. ரயில் நகரத் தொடங்கி, பெட்டி பெட்டியாகத் தடதடத்து, சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோனது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அந்த மட்டும் பரவாயில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

நாலைந்து நிமிஷம் கழித்து, ஸ்டேஷன் வாசல் கூட்டத்துக்கு நடுவில் இவருடைய இரும்புப் பெட்டி தெரிந்தது. ஒரு பக்கக் கைப்பிடியைப் பெரியவர் பிடித்திருந்தார், மறுபக்கத்தை இவர் பிடித்திருந்தார். பெரியவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. கார் பக்கத்தில் வந்து பெட்டியைத் தொப்பென்று வைத்தார்.

"ரயில் போயிருச்சுன்னா நம்ம நசீபு, தலையெழுத்து அவ்வளவுதான்னு உட்டுருக்கலாம்" என்று என்னிடம் முறையிட்டார். "கண்ணு முன்னால நிக்குது. நான் பொட்டிய ஏத்தி, சீட்டும் புடிச்சு வெச்சிருக்கேன். இவன் வந்து பொட்டிய எறக்குண்ணேங்கறான். போகாதவன் என்னாத்துக்குடா இப்படி அடிச்சுப் புடிச்சு ஓடியாந்த? மெதுவா வந்திருந்தா அதுவே போயிருக்குமில்ல?"

இவர் காரின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அதுக்குத்தாண்ணே ஓடியாந்தேன்" என்றார். "ரயில் போனதுக்கப்புறம் வந்து, நான் போகலன்னு சொன்னா அது நான் சொன்னதாகாது. அது நிக்கறப்பவே உங்க மூஞ்சியப் பாத்து சொல்லோணும்னு நெனச்சேன்."

பெரியவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முன்னால் சத்தமாகப் பேசுவதுகூட எங்கள் வீட்டில் வழக்கமில்லை. நான் வாய்விட்டு அழுதேன்.